ஒரிஜினல் என்கிற மோசடி

சென்னையில் பழைய கார்க்காரர்கள் கூடுகிற எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் அந்தச் சொல் காதில் விழுந்துவிடும். ஒரிஜினல். எஞ்சின் ஒரிஜினலா? ஹெட்லைட் ஒரிஜினலா? எஞ்சின் நம்பரும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போகிறதா? மடி பார்க்கிற வீட்டில் வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்பார்களே, அந்தத் தொனி. பதிலைப் பொறுத்து உங்கள் வண்டிக்கு மரியாதை கூடும், அல்லது "ஓ" என்று ஒரு நீட்டலோடு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார்கள்.

இந்தச் சொல் ஒரு மோசடி என்று நினைக்கிறேன். லண்டனில் அதற்கு வேறு நியாயம் இருக்கலாம், எனக்கு அதில் அக்கறை இல்லை. மெட்ராஸில் அறுபது எழுபது வருஷம் ஓடி மிச்சமிருக்கிற ஒரு எஞ்சினைப் பார்த்து ‘இது ஒரிஜினல் இல்லை’ என்று சொல்வது, அதை மிச்சம் வைத்தவர்களைப் பார்த்து ‘நீங்கள் கணக்கில் இல்லை’ என்று சொல்வதுதான். அப்படி மிச்சம் வைத்தவர்களில் நிறைய பேர் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் லேத் பட்டறையும் போரிங் பட்டறையும் வைத்திருந்த எங்கள் பக்கத்து ஆட்கள். ஆகவே இது எனக்குச் சொந்தக் கோபம். நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

எந்த எஞ்சினை வைத்து இதைப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கல்லூரி நண்பன் ஒருவனுக்கு அவன் பெரியப்பா வழியாக ஒரு எம்.ஜி.ஏ. வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1955 முதல் 1962 வரை செய்த, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு லட்சத்துச் சொச்சம் வண்டிகள் செய்தார்கள், பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்விட்டது. நண்பனுக்கு வந்ததில் பாடி இருந்தது, சேஸிஸ் இருந்தது, கியர்பாக்ஸ் இருந்தது. இரண்டு எஸ்.யூ. கார்ப்பரேட்டர்கள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் துணி சுற்றி இருந்தன. எஞ்சின் மட்டும் இல்லை. எழுபதுகளிலோ எண்பதுகளிலோ யாரோ கழற்றி யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். விசாரித்தால் குடும்பத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

அவன் மாதச் சம்பளக்காரன். இங்கிலாந்தில் இந்த எஞ்சினைப் புதுப்பித்து விற்கிறவர்கள் உண்டு. எஞ்சின் விலை, கப்பல் கூலி, சுங்கம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வீட்டுக் கடனுக்குப் பக்கத்தில் இன்னொரு கடன் எழுந்து நிற்கும். "மச்சி, என் பட்ஜெட் இவ்ளோதான்" என்று ஒரு தொகை சொன்னான். நான் திருவொற்றியூர்க்காரன், அப்பா ஃபிட்டர், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்பதால் என்னிடம் வந்திருந்தான். "அம்பாசடர் எஞ்சின் தேடலாம்டா" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும். 88.9 மில்லிமீட்டர். அதாவது மூன்றரை அங்குலம். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழே போகிற தூரம், ஸ்ட்ரோக் என்பார்கள். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனி தொடங்கப்பட்டு, அடுத்த வருஷமே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. (அதுதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூர் என்றால் லாரி என்று மட்டும் நினைக்கிறவர்கள் அங்கே முதலில் கார்தான் பூட்டினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.) அந்த ஏ40-இன் 1200 சிசி எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் மூன்றரை அங்குலம். அந்த எஞ்சினிலிருந்து வளர்த்தெடுத்ததுதான் பி.எம்.சி. கம்பெனியின் ‘பி-சீரீஸ்’ என்ற எஞ்சின் குடும்பம். சிலிண்டர் விட்டத்தை 73.025 மில்லிமீட்டராக அகலப்படுத்தினார்கள். ஸ்ட்ரோக் அதே மூன்றரை அங்குலம். கணக்குப் போட்டால் 1489 சிசி வரும். எம்.ஜி.ஏ. 1500 என்ற வண்டியின் எஞ்சின் இதுதான். ஐம்பதுகளின் கடைசியிலிருந்து நம்ம அம்பாசடரின் எஞ்சினும் இதே 1489-தான். பிற்பாடு 1798 சிசியாகப் பெருக்கி எம்.ஜி.பி.யில் வைத்தபோதும் ஸ்ட்ரோக்கைத் தொடவில்லை. 1980-ல் ஆபிங்டன் தொழிற்சாலையை இழுத்து மூடும்வரை அந்த மூன்றரை அங்குலம் அப்படியே இருந்தது.

ஆக, கடற்கரைச் சாலை ஊர்வலத்தில் பார்த்து வாய் பிளக்கிறீர்களே, அந்த ஸ்போர்ட்ஸ் காரும் சென்ட்ரல் வாசலில் "எங்க சார் போணும்" என்று நின்ற கறுப்பு மஞ்சள் டாக்சியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. எம்.ஜி.க்கு இரட்டைக் கார்ப்பரேட்டர், முரட்டுக் கேம்ஷாஃப்ட், கூடுதல் கம்ப்ரெஷன், எழுபதை ஒட்டிய குதிரைத்திறன். அம்பாசடருக்கு ஒற்றைக் கார்ப்பரேட்டர், பொறுமையான கேம், ஐம்பதை ஒட்டிய திறன். ஆனால் பிளாக்கும் கிராங்க்கும் ஒரே குடும்பத்து எலும்பு. ஒருவன் கோட்டு போட்டிருக்கிறான், இன்னொருவன் காக்கி.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. இறக்குமதிக் கதவு அடைபட்டிருந்த அந்தப் பத்தாண்டுகளில் எம்.ஜி.ஏ.வும் மேக்னெட்டும் வைத்திருந்தவர்கள் அம்பாசடர் சாமானைப் போட்டுத்தான் ஓட்டினார்கள். ஓட்டியதால்தான் வண்டி இருக்கிறது. நம் நாட்டில் வேகம் என்பதே இப்படித்தான் வந்தது. செங்குன்றம் தாண்டி சோழவரத்தில் உலகப் போர்க்கால ஓடுபாதை ஒன்றில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில் வீட்டு உபயோக ஃபியட்டும் ஹெரால்டும்தான் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து ஓடின. எண்பதுகளின் கடைசியில் கோயம்புத்தூர் கரிவர்தன் ஃபார்முலா மாருதி வண்டிகளைச் செய்தபோது உள்ளே வைத்தது மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை. நரேன் கார்த்திகேயன் அந்த வண்டியில்தான் கை பழகினார். அதை யாராவது ‘காய்கறி வாங்கப் போகிற எஞ்சின்’ என்று கேலி செய்தார்களா?

சரி, தேடல். புதுப்பேட்டையில் ஆரம்பித்தோம். "பெட்ரோலா? டீசல் கீது தலைவா, பெட்ரோல் எங்க கீது இப்போ" என்று மூன்று கடையில் ஒரே பதில். அம்பாசடர்களில் முக்கால்வாசி டீசலுக்கு மாறி ஓடி, தேய்ந்து, உடைபட்டுவிட்டன. உத்தரபாராவில் 2014-ல் உற்பத்தியும் நின்றுவிட்டது. கடைசியில் தண்டையார்பேட்டையில் ஒரு காயலான் கடையில் கிடைத்தது. கவிழ்ந்து கிடந்தது. பிளக் துளைகளைத் திறந்தே போட்டிருந்ததால் உள்ளே மழைத்தண்ணீர் இறங்கி நான்கு பிஸ்டனும் இறுகிப் போயிருந்தன. கடைக்காரர் எடை போட்டே விலை சொன்னார். எஞ்சின் என்று சொன்னால் ஒரு விலை, இரும்பு என்று சொன்னால் ஒரு விலை என்பதால் நாங்கள் கடைசிவரை அதை ‘இரும்பு’ என்றே அழைத்தோம். டீசலை ஊற்றிப் பத்து நாள் ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினோம்.

ஹெட்டைக் கழற்றித் துடைத்தபோது பிளாக்கின் மேல்தளத்தில் ஒரு மூலையில் பஞ்ச் வைத்துத் தட்டிய எண் தெரிந்தது. 20.

போரிங் பட்டறைக்காரர்களின் கையெழுத்து அது. சிலிண்டர் சுவர் தேய்ந்து முட்டை வடிவமாகும்போது அதைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்பது கணக்கு. பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று படி. இருபது என்றால் 0.020 அங்குலம் கூட்டியிருக்கிறது. யாரோ, எப்போதோ, எங்கேயோ ஒரு பட்டறையில் இந்த எஞ்சினுக்கு இரண்டாவது ஆயுள் கொடுத்துவிட்டு, அடுத்து திறக்கப் போகிறவனுக்குத் தகவலும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தன் பெயரை விடவில்லை.

பிளாக்கை காசிமேட்டுப் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே வருகிற வேலையில் பெரும்பகுதி மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்தான், லேலண்ட் டீசல்கள். உப்புத்தண்ணீர் இரும்பை எப்படித் தின்னும் என்பதை அந்த மேஸ்திரி அளவுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. வயது அறுபதுக்கு மேல். டயல் கேஜை உள்ளே விட்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவே, கீழே, நீளவாக்கில், குறுக்குவாக்கில் என்று ஆறு ஆறு அளவு எடுத்தார். சாக்பீஸால் தரையில் எழுதினார். எங்களிடம் எதுவும் பேசவில்லை. கடைசியில் தலை நிமிர்ந்து, "இருபது அடிச்சவரு நல்ல கை" என்றார்.

"எப்படி மேஸ்திரி சொல்றீங்க?"

"நாலு குழியும் ஒரே நேர்ல கீது பாரு தம்பி. தேஞ்சிருக்குது, கோணல் இல்ல. அவசரத்துல அடிச்சா கோணும்."

"இப்ப நாப்பது அடிச்சா தாங்குமா?"

"தாங்கும். அதுக்கு மேல போனா ஸ்லீவ்தான். ஸ்லீவ் போட்டுட்டா மறுபடியும் ஸ்டாண்டர்டு சைஸ்."

அந்தக் கடைசி வாக்கியத்தை ஒரிஜினல்வாதிகள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான்கு முறை கடைந்த பிறகு உள்ளே ஒரு புதுக் குழாயை இறக்கினால், அளவுகோலில் 73.025 மறுபடி வந்துவிடும். கம்பெனியிலிருந்து வெளிவந்த அன்று இருந்த அதே அளவு. இரும்பு மட்டும் வேறு. அப்போது ஒரிஜினல் எது, அளவா, இரும்பா?

பிஸ்டன் ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் பழைய ஸ்டாக்காகக் கிடைத்தது, நாற்பது சைஸ், செட் நான்கும். நம் ஊரில் இது அதிசயம் இல்லை. செம்பியத்தில் 1949-லேயே இந்தியா பிஸ்டன்ஸ் வந்துவிட்டது. பெரம்பூர் பக்கத்து வீடுகளில் பிஸ்டன் என்பது பூரிக்கட்டை மாதிரி பழகிய பொருள். மேஸ்திரி நான்கு பிஸ்டனையும் தனித்தனியாக மைக்ரோமீட்டரில் பிடித்து அளந்து, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று குறித்து, அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தச் சிலிண்டரைக் கடைந்தார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். 1489 சிசியாகப் பிறந்த எஞ்சின் அவர் கையில் 1531 சிசி ஆனது.

கிராங்க்கைத் தேய்த்தோம், ஹெட்டில் விரிசல் பார்த்தோம், கம்ப்ரெஷன் ஏறுவதற்குக் கொஞ்சம் சீவினோம். இதையெல்லாம் விரிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் வைத்து முடுக்கியபோது எஞ்சின் பிடித்துக்கொண்டது என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

நண்பன் வண்டியைப் பார்க்க வந்த ஒரு பெரிய மனிதர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "வெரி நைஸ். ஆனா அம்பி எஞ்சின்ல? எப்பவாவது ஒரு ஒரிஜினல் கிடைச்சா மாத்திடுங்க" என்றார். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நோயாளியிடம் பேசுகிற மாதிரி பரிவாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்ததே அந்தப் பரிவில்தான்.

அவர் கேட்கிற ‘ஒரிஜினல்’ எஞ்சினை அப்படியே கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? அந்த ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் தனித் துண்டு கிடையாது, வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. பெட்ரோலில் ஈயம் இருந்த காலத்தில் அந்த ஈயம்தான் மெத்தை மாதிரி இருந்து வால்வு சீட்டைக் காத்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல். ஒரிஜினல் ஹெட்டோடு நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதைந்துகொண்டே போகும். அதனால் கெட்டியான சீட் வளையங்களை இறக்கித்தான் ஆக வேண்டும், எங்கள் மேஸ்திரி இறக்கினார். இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பர்க் குழாய்களைப் பதம் பார்த்துவிடும். ஒரிஜினல் குழாய் போட்டால் நடுவழியில் தீப்பிடிக்கிற வாய்ப்பும் ஒரிஜினலாகவே இருக்கும்.

அப்புறம் அந்த எண்ணெய் ஒழுக்கு. இந்த எஞ்சினில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்ப ஒரு சுருள் வெட்டு மட்டும் இருக்கிறது. புதிதாக இருக்கும்போது ஓரளவு வேலை செய்யும், கொஞ்சம் தேய்ந்தால் சொட்டும். அம்பாசடர் நின்ற இடத்தில் கறுப்பு வட்டம் விழுமே, அதன் பூர்வீகம் இதுதான். நம் பட்டறைகளில் அந்த இடத்தைக் கடைந்து சீல் பொருத்திக் கொடுப்பார்கள். "வேணுமா?" என்று மேஸ்திரி கேட்டார். வேண்டும் என்றோம். இது மதிப்பெண் குறைகிற குற்றம். சொட்டவிட்டிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும்.

ரசனை என்று மட்டும் இருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். சட்டமாகவும் ஆகியிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ‘வின்டேஜ்’ வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். ஐம்பது வருஷம் தாண்டிய இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. நல்ல காரியம்தான், பழைய வண்டியை ஒட்டுமொத்தமாக நொறுக்கு மில்லுக்கு அனுப்புவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வரையறையைப் படியுங்கள். வண்டி அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் உட்பட்ட பெரிய பழுதுபார்ப்பு எதுவும் நடந்திருக்கக் கூடாது. ஐம்பது வருஷம் இந்தியச் சாலையில் ஓடிய வண்டிக்கு இந்த நிபந்தனை! இதை யாரால் நிறைவேற்ற முடியும்? ஓட்டாமலே வைத்திருந்தவனால் முடியும். குளிர்சாதன ஷெட் வைத்திருந்தவனால் முடியும். அல்லது வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வாங்கி, நடுவில் நடந்த ஐம்பது வருஷத்தையும் துடைத்துவிட்டு ‘அசல்’ ஆக்கிக்கொள்ளப் பணம் உள்ளவனால் முடியும். தினமும் ஓட்டி, உடைந்தால் பட்டறைக்குக் கொண்டுபோய், கிடைத்ததைப் பொருத்தி மறுபடி ஓட்டியவன்தான் மாட்டிக்கொள்வான்.

இந்த இதழைப் படிக்கிறவர்கள் கார்க்காரர்கள் இல்லை, இலக்கியக்காரர்கள் என்று தெரியும். உங்களுக்குத் தெரிந்த விஷயத்தை வைத்தே கேட்கிறேன். நாம் இன்று வாசிக்கிற சங்கப் பாட்டு எதற்காவது எழுதியவர் கைப்பட்ட ஏடு இருக்கிறதா? ஓலை சில நூறு வருஷத்தில் செல்லரித்துவிடும். யாரோ ஒருவர் பார்த்துப் பார்த்துப் புது ஓலையில் எழுத, அது அரிக்க, இன்னொருவர் எழுத, அப்படித்தான் வந்து சேர்ந்தது. உ.வே.சா. 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் 1892-ல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோதும் பல ஊர் ஏடுகளை வரவழைத்து ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார். பாடவேதங்களையும் குறித்து வைத்தார். அந்தப் பெயர் தெரியாத ஏடெழுதிகள் இல்லாவிட்டால் நமக்கு ஒன்றுமே இல்லை. ‘படி எடுத்தது, ஆகவே ஒரிஜினல் இல்லை’ என்று யாராவது சொன்னால் சிரிப்போம் இல்லையா? பிளாக்கின் மூலையில் தட்டியிருக்கிற அந்த 20, என் கணக்கில், ஓர் ஏடெழுதியின் குறிப்பு.

இதே மூச்சில் எதிர்க்கரைக்காரர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வட சென்னைப் பட்டறை என்றதும் கண்கலங்கி ‘ஜுகாட்’, ‘கைமணம்’, ‘உழைக்கும் மக்களின் கற்பனை வளம்’ என்று ஆரம்பிப்பவர்கள். சினிமாவுக்கு எங்கள் கையில் கத்தி வேண்டும், இவர்களுக்கு எங்கள் கையில் கம்பியும் கயிறும் வேண்டும். கம்பி கட்டி ஓட்டுகிற வேலை இல்லை ஐயா இது. தலைமுடியைப் பிளந்து அளக்கிற வேலை. அந்த மேஸ்திரி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று தப்பினால் கடலுக்குள் முப்பது மைல் தள்ளி ஒரு படகு நின்றுவிடும், அதில் பத்துப் பேர் இருப்பார்கள். அவர் தன் வேலையை ஜுகாட் என்று சொல்லக் கேட்டால் எழுந்து போய்விடுவார். நாமும் சொல்லக் கூடாது.

இப்போது பட்ஜெட். ‘குறைந்த செலவில் எஞ்சின் கட்டினோம்’ என்று சொல்கிறோமே, அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது? இரும்பு குறைந்த விலைக்குக் கிடைத்தது ஒரு பகுதி. மிச்சம் முழுக்கக் கூலியில்தான். நான்கு சிலிண்டரையும் கடைந்து ஹோனிங் போட்டதற்கு மேஸ்திரி கேட்டது 3,200 ரூபாய். இங்கே கிடைக்காத ஒரே சாமானான ஒரு கேஸ்கெட் செட்டையும் சில பியரிங்குகளையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம், அதற்கான கூரியரும் சுங்கமும் மட்டுமே அதைவிட அதிகம். ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் தத்துவம் எதுவும் சொல்லவில்லை. "போட்டுக்காரங்களுக்கு ஒரு ரேட்டு, காருக்கு ஒரு ரேட்டுன்னு வெச்சா நாளைக்கு அவனுங்க எம்மூஞ்சில முழிப்பானா?" என்றார். மீன் விலை இறங்கினால் படகுக்காரரால் கூலி கொடுக்க முடியாது, படகுக்காரரால் முடியாவிட்டால் பட்டறையின் ரேட் ஏறாது. அந்தப் பழைய ரேட்டில்தான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உயிர் பெறுகிறது. நண்பனிடம் சொன்னேன், அவன் கூரியர் கம்பெனிக்குக் கொடுத்ததையே இங்கேயும் கொடுத்தான். அதனால் எதுவும் மாறிவிடாது என்பதும் தெரியும்.

ஏனென்றால் அந்தப் பட்டறையில் கற்றுக்கொள்ள வந்த இரண்டு பையன்களும் போய்விட்டார்கள், ஒருவன் டெலிவரிக்கு, ஒருவன் கன்டெய்னர் யார்டுக்கு. மேஸ்திரியின் மகன் ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போகிறார். அதில் தப்பே இல்லை, நான் அவராக இருந்தாலும் போயிருப்பேன். புது எஞ்சின்களில் பலவும் அலுமினிய பிளாக், கடைந்து பெரிதாக்குவதற்கு இடமே வைப்பதில்லை. தேய்ந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்பதுதான் கம்பெனியின் வடிவமைப்பு. இப்படியே போனால் நாற்பது அடிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல், நாற்பது அடிக்கக் கூடாது என்று சொல்லும் நடுவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

வெள்ளைக்காரன் செய்தது அசல், நாம் தொடர்ந்தது நகல் என்ற மனக்கணக்கு எவ்வளவு அபத்தம் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. திருவொற்றியூரில் 1955-ல் என்ஃபீல்டு இந்தியா வந்தது. இங்கிலாந்தில் அந்த மோட்டார் சைக்கிள் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடிவிட்டது. புல்லட் திருவொற்றியூரில் நிற்கவே இல்லை. 1977-ல் இங்கிருந்து கப்பலேற்றி இங்கிலாந்துக்கே விற்றார்கள். அப்போது எது ஒரிஜினல், நின்றுபோனதா, நிற்காததா? என் அப்பாவின் தலைமுறைக்கு இந்தக் கேள்வியே புரிந்திருக்காது. காலையில் சங்கு ஊதினால் உள்ளே போவார்கள், சாயங்காலம் வண்டி வெளியே வரும்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதை ஒதுக்க மாட்டேன். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போனால், 1955-ல் ஒரு எஞ்சின் எப்படி இருந்தது என்று பார்க்க ஒன்றுகூட மிஞ்சாதே? சரிதான். யார் கையும் படாமல் முழுதாக நிற்கிற வண்டி ஒன்று கிடைத்தால் அதைத் தொடாதீர்கள், நானே காவல் இருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட வண்டி அபூர்வம். மற்ற வண்டிகளில் ஏற்கனவே ஒரு சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே கப்பலில் வந்த பாகத்தை ஒட்டுவதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள். அம்பாசடர் எஞ்சினைக் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு இங்கிலாந்து எஞ்சினைப் பொருத்துகிற ஒவ்வொரு முறையும், மெட்ராஸில் அந்தக் கார் வாழ்ந்த வாழ்க்கைதான் எடைக்குப் போகிறது.

என் கோரிக்கை சின்னது. கண்காட்சி நடத்துகிறவர்களின் மதிப்பெண் தாளில் பெயின்டுக்கு, லெதருக்கு, குரோமியத்துக்கு எல்லாம் கட்டம் இருக்கிறது. இன்னும் ஒரு கட்டம் சேருங்கள். போரிங் எங்கே, கிராங்க் தேய்த்தது யார், எந்த வருஷம், என்ன சைஸ். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதட்டும், அதுவும் தகவல்தான். விதிகளைத் திருத்துகிற கை யாருக்காவது இருந்தால், எஞ்சினில் செய்த பழுதுபார்ப்பைத் தகுதியிழப்பாக இல்லாமல் பதிவேட்டில் ஒரு குறிப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அதுவரை நண்பன் காத்திருக்கப் போவதில்லை. அடுத்த கண்காட்சிக்கு அவன் நிரப்பி வைத்திருக்கிற படிவத்தில் ‘இதர விவரங்கள்’ என்று இரண்டு வரி இடம் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது: ‘பிளாக் அம்பாசடர். முதல் போரிங் 20, பட்டறை தெரியவில்லை. இரண்டாவது 40, காசிமேடு. பின் சீல் மாற்றியது, எண்ணெய் ஒழுகாது.’